கணுக்காலில் ஒரு கடிகாரம்

நுழையும்முன்

மணிக்கட்டில் கட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியைச் சிலர் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொள்கின்றனர். பார்ப்பவர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், அப்படிச் செய்வோர்க்குக் காரணம் உண்டு. அக்காரணம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத் திருமலைப் படிகளை அளவுகோலாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

எண்ணி வைத்த படிகள்

திருப்பதி மலையடிவாரத்தில் உள்ள அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைவழியில் 3550 படிகள் உள்ளன. வழியின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சந்திரகிரிக்கு அருகிலுள்ள சீனிவாசமங்காபுரத்தின் பக்கமிருந்து மற்றொரு வழியும் ஏறுகிறது. அதற்கு ஸ்ரீவாரி மெட்டு என்று பெயர். அது 2388 படிகளும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் உடையது. அலிபிரி வழியைவிடக் குறுகியது, ஆனால் செங்குத்தானது.

மெட்டு என்றால் தெலுங்கில் படி. தமிழ் மாணவர்க்கு அச்சொல்லைக் கேட்டவுடன் பாட்டின் மெட்டு நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கோ போடிமெட்டும் கம்பம்மெட்டும் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் மெட்டு என்பது மலைமேல் ஏறும் வழியைக் குறிக்கிறது. இரு மொழிகளும் அக்கம்பக்கத்தில் வாழும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இத்தகைய சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். அலிபிரி வழியில் நடுவே நிற்கும் காலி கோபுரத்தைத் தமிழர் சிலர் வெறுமையான கோபுரம் என்று பொருள்கொள்வதுண்டு. தெலுங்கில் காலி என்பது காற்றைக் குறிக்கும் சொல். அங்கு நின்றால் வீசும் காற்றே பெயரை விளக்கிவிடும்.

இப்படிகளை எதற்காக அளவுகோல் என்கிறோம்? நகரத் தெருவில் நடப்பவர் எத்தனை அடி வைத்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. மலையிலோ கற்படிகள் எண்ணப்பட்டு நிற்கின்றன. ஒருவருடைய கருவி சரியாக எண்ணுகிறதா என்று அறிய விரும்பினால், அவர் ஐந்நூறு படி ஏறியபின் கருவியைப் பார்த்தால் போதும். ஆனால், 3550 படி ஏறியவர் 3550 அடிகள்தாம் வைத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. காலி கோபுரத்தைத் தாண்டியபின் வழி நெடுந்தொலைவு ஏறக்குறையச் சமதளமாகச் செல்கிறது. அங்கெல்லாம் படியில்லை, அடிகள் உண்டு. முழுவழியும் நடந்தவருக்கு மொத்த அடிகள் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

அவ்வழியே நடப்போரின் கைகளைச் சற்றுக் கவனியுங்கள். ஒருவர் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுகிறார். மற்றொருவர் குழந்தையை இடுப்பில் இருத்தி ஒரு கையால் அணைத்துக்கொண்டுள்ளார். முதியவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, நின்று நின்று செல்கிறார். தலையில் மூட்டையைச் சுமந்து இரு கைகளாலும் பிடித்திருப்பவரும் உண்டு. நால்வரும் ஏறுவது ஒரே படிகளைத்தான். நால்வரின் மணிக்கட்டிலும் ஒரே வகைக் கடிகாரத்தைக் கட்டிவிட்டால் நான்கு வேறு எண்களே கிடைக்கும். கடிகாரம் பழுதானது என்பதன்று காரணம். அது காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக் காலை ஊகித்தது.

சிலம்பின் பரலும் கடிகாரத்தின் எடையும்

ஸ்மார்ட்வாட்ச் என்று கடைவீதியில் வழங்கும் திறன்கடிகாரம் அடிகளை எப்படி எண்ணுகிறது? இதனைப் புரிந்துகொள்ளத் தமிழர்க்கு ஓர் எளிய வழி உண்டு. அது சிலம்பு.

பழந்தமிழ்ப் பெண்டிர் காலில் அணிந்த சிலம்பு உள்ளீடற்ற வளையம். அதனுள்ளே பரல்கள் இடப்பட்டிருக்கும். கால் அசையும்போது பரல்கள் உருண்டு சுவரில் மோதி ஒலிக்கும். வீரர் அணிந்த கழலும், குழந்தைகள் அணிந்த தண்டையும் கிண்கிணியும், ஆடுவோர் கட்டும் சலங்கையும் காலின் அசைவைச் செவிக்குச் சொல்லும் அணிகளே. குழந்தை எந்த அறையில் நடக்கிறது என்பதைச் சமையலறையிலிருந்தே தாய் அறிந்துகொண்டது கொலுசின் ஒலியால் அன்றோ? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்ததும் சிலம்பின் உள்ளிருந்த பரல்தான். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தவற்றை உள்ளிருந்தது வேறுபடுத்திக் காட்டியது.

திறன்கடிகாரத்தின் உள்ளேயும் ஒரு பரல் உண்டு. அதன் பெயர் முடுக்கமானி. சிலிக்கான் துண்டில் செதுக்கப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத சிறிய எடை ஒன்று மெல்லிய தாங்கிகளில் நிற்கிறது. கடிகாரம் திடீரென நகர்ந்தால் அவ்வெடை சற்றுப் பின்தங்கும். நின்றால் முன்னே செல்ல முயலும். பேருந்து புறப்படும்போது நாம் பின்னால் சாய்வதையும், நிற்கும்போது முன்னால் சாய்வதையும் போன்றது இது. எடை இடம்பெயரும்போது அதனருகே உள்ள மின்தகடுகளின் மின்னேற்பு மாறுகிறது. அம்மாற்றத்தை முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று திசைகளிலும் ஒரு நொடிக்குப் பலமுறை கருவி குறித்துக்கொள்கிறது.

இவ்வாறு கிடைப்பது ஏற்றமும் இறக்கமும் கொண்ட ஓர் அலைக்கோடு. இயல்பாக நடக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 100 முதல் 120 அடிகள் வைக்கிறார். அதாவது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. அலைக்கோட்டில் இந்தத் தாளத்தில் வரும் முகடுகளைத்தான் கடிகாரத்தின் கணிப்பு முறை தேடுகிறது. தாளம் தொடர்ந்து வந்தால் அதை நடை என்று கொள்ளும். ஒன்றிரண்டு அசைவுகள் மட்டும் வந்தால் தள்ளிவிடும். அடுக்களைக்குள் நான்கடி நடந்து, நின்று, மீண்டும் மூன்றடி நடக்கும் ஒருவரின் நடையைப் பல கடிகாரங்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதனால்தான். நம் வீடுகளில் நாள் முழுதும் அவ்வாறு நடப்பவர் யார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கை சொல்வதும் கால் சொல்வதும்

நடக்கும்போது கை வீசுகிறோம். வலக்கால் முன்செல்லும்போது இடக்கை முன்செல்கிறது. இரண்டு அடிகளுக்கு ஒருமுறை கை முன்னும் பின்னும் சென்று திரும்புகிறது. அதனோடு, குதிகால் தரையில் படும் அதிர்வும் உடல்வழியே ஏறி மணிக்கட்டை வந்தடைகிறது. மணிக்கட்டுக் கடிகாரம் இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்துக் காலின் நடையை அறிகிறது. கைவீசி நடப்போரிடம் அது பெரும்பாலும் சரியாகவே எண்ணும்.

கை வீசவில்லையென்றால்? தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு காந்தி சாலையில் காலை முதல் மாலை வரை நடக்கும் பழவணிகரின் கை வண்டியின் பிடியில் அசையாது நிற்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் பெண்ணின் கை குடத்தின் கழுத்தை வளைத்திருக்கிறது. சுமைதூக்குவோரும் சக்கர நாற்காலி தள்ளுவோரும் அப்படியே. உழைத்து நடப்போரின் கை பெரும்பாலும் வெறுங்கையாக இருப்பதில்லை. கைவீசி நடப்பது ஓய்வாக நடப்போரின் நடை. மணிக்கட்டுக் கடிகாரம் அந்த நடையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு. தவில் வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்ந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஆனால் அவர் கையில் கடிகாரத்தைக் கட்டினால், ஒரு கச்சேரி முடிவதற்குள் அது அவரைப் பல தெருக்கள் நடக்க வைத்துவிடக்கூடும். தாளத்தோடு தொடர்ந்து வரும் அசைவுகளை நடையென்று கொள்வதுதானே அதன் இயல்பு!

இனிக் காலைப் பார்ப்போம். நடக்கும்போது ஒவ்வொரு காலும் தன் நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு தரையில் ஊன்றியிருக்கிறது. நாற்பது பங்கு காற்றில் முன்னோக்கி வீசப்படுகிறது. வீசப்படும் பாதம் நம் உடலைவிடப் பலமடங்கு விரைவாகச் செல்கிறது. பின்பு தரையில் பட்டு முழுமையாக நின்றுவிடுகிறது. உடல் நிற்பதில்லை, கை நிற்பதில்லை, பாதம் மட்டும் ஒவ்வோர் அடியிலும் நின்று புறப்படுகிறது. எனவே கணுக்காலில் கட்டிய முடுக்கமானிக்குக் கிடைக்கும் அலைக்கோட்டில் முகடுகள் உயர்ந்தும் தெளிந்தும் இருக்கும். மெதுவாக நடந்தாலும் அவை மறைவதில்லை.

இதனை அறிந்தே மருத்துவ ஆய்வாளர்கள் கணுக்காலைத் தேர்ந்தனர். ஸ்டெப்வாட்ச் என்னும் ஆய்வுக்கருவி கணுக்காலில் கட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. பக்கவாதத்திற்குப் பின் நடை பழகுவோர், செயற்கைக்கால் பொருத்தியோர், முதியோர் ஆகியோரின் நடையை அளக்க அது பயன்படுகிறது. நடை மெதுவாகும்போது இடுப்பிலும் மணிக்கட்டிலும் கட்டிய கருவிகள் அடிகளைக் குறைத்து எண்ணுவதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளன. கணுக்காலில் அக்குறை மிகச் சிறிது.

ஒரு நுட்பம் இங்கே உண்டு. ஒரு கணுக்காலில் கட்டிய கருவி ஒரு காலின் அடிகளையே நேராக அறியும். ஸ்டெப்வாட்ச் அதை அறிந்து, எண்ணியதை இரட்டித்துக்கொள்கிறது. கடையில் வாங்கிய திறன்கடிகாரமோ தான் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதன் அமைப்பில் இடக்கையா, வலக்கையா என்று கேட்கும் இடம் உண்டு; காலா என்று கேட்கும் இடம் பெரும்பாலும் இல்லை. ஆகவே அதைக் காலில் கட்டினால் சில கடிகாரங்கள் ஏறத்தாழச் சரியாக எண்ணலாம். சில குறைத்தோ கூட்டியோ எண்ணலாம். நூறு அடிகளை வாய்விட்டு எண்ணி நடந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப இயலாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்று பல குடும்பங்களில் பிள்ளைகள் வெளியூரில் பணிபுரிகின்றனர். பெற்றோர் சொந்த ஊரில் இருக்கின்றனர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட தாய்க்கு மகன் திறன்கடிகாரம் வாங்கிக் கட்டிவிடுகிறான். மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொல்லியிருக்கிறார். தாய் வாக்கரின் கம்பிகளை இரு கைகளாலும் இறுகப் பற்றிக் கூடத்திலிருந்து திண்ணைக்கும் திண்ணையிலிருந்து கூடத்திற்குமாக வலியோடு நடக்கிறாள். கை அசையவில்லை. தொலைவிலிருக்கும் மகனின் கைப்பேசியில் அன்றைய கணக்கு 40 அடிகள் என்று காட்டுகிறது. “ஏன்மா நடக்கவே மாட்டேங்குற?” என்று அவன் கடிந்துகொள்கிறான். தாயின் சொல்லைவிடக் கருவியின் எண்ணை நம்பிவிட்டான். பட்டையைக் கணுக்காலுக்கு மாற்றியிருந்தால் அந்தச் சொல் பிறந்திருக்காது.

விரலால் எண்ணியவர்

அடிகளை எண்ணும் ஆசை புதிதன்று. இமயமலைப் பகுதியில் பிறந்த நயின்சிங் ராவத் என்னும் பள்ளி ஆசிரியர், 1865ஆம் ஆண்டு நில அளவைத் துறையின் சார்பில் நேபாளத்தின் வழியே திபெத்துக்குப் புறப்பட்டார். அயலார் அந்நாட்டில் நுழையத் தடை இருந்தது. அளவுச் சங்கிலியை விரித்து அளக்க முடியாது. எனவே, ஒரே அளவில் அடி வைத்து நடப்பதற்கு டேராடூனில் அவருக்குப் பயிற்சி தரப்பட்டது. ஏற்றமோ இறக்கமோ, மைலுக்கு ஏறத்தாழ 2000 அடிகள். கையில் செபமாலை. வழக்கமான மாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடையதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடிகள். ஏறத்தாழ ஐந்து மைல். பார்த்தவர்கள் அவரைச் செபம் செய்து நடக்கும் யாத்திரிகர் என்றே நினைத்தனர். 1866 தொடக்கத்தில் லாசாவை அடைந்தார். அவர் கால் எண்ணிய கணக்கைக் கொண்டு வரைபடம் எழுந்தது. இலண்டன் அரச புவியியல் கழகம் 1877இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஓர் ஆசிரியர் செய்த வேலை என்பதால் எனக்கு இதில் கூடுதல் மகிழ்ச்சி.

அதே பத்தாயிரம் என்னும் எண் நூறாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் வேறொரு வழியில் தோன்றியது. தோக்கியோ ஒலிம்பிக் போட்டி நடந்து முடிந்த மறு ஆண்டு, 1965இல், சப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் செருகிக்கொள்ளும் அடியளவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மான்போ-கெய் என்று பெயர்; பத்தாயிரம் அடிமானி என்பது பொருள். எண் அழகாக இருந்ததால் வைத்த பெயரே அன்றி, மருத்துவ ஆய்வில் கண்டெடுத்த அளவு அன்று. இன்றும் பல கடிகாரங்கள் நாள்தோறும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்வது அந்த விற்பனைப் பெயரின் எச்சமே. கடிகாரம் காட்டும் எண்ணை மட்டுமன்றி, அது கேட்கும் எண்ணையும் ஆராய்ந்து பார்க்கலாம்.

பசுவின் காலில்

சித்தூர் மாவட்டம் பால்வளம் மிக்கது. இடுப்புயரமே வளரும் புங்கனூர்க் குட்டைப் பசு இம்மாவட்டத்தில் தோன்றிய இனம். பசு வளர்ப்போர்க்கு ஒரு கவலை உண்டு. பசு சினைப்பருவத்திற்கு வரும் நேரம் ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கும். அதைக் கவனியாது விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்நேரத்தில் பசு அமைதியின்றி மிகுதியாக நடமாடும். ஆகவே பெரிய பால்பண்ணைகள் உள்ள நாடுகளில் பசுவின் காலில் அடியளவுக் கருவியைக் கட்டி வைக்கின்றனர். வழக்கத்தைவிட அடிகள் கூடினால் உழவருக்குச் செய்தி செல்கிறது. பசுவுக்கு மணிக்கட்டுக் கேள்வியே எழவில்லை. எதை அறியவேண்டுமோ அங்கேயே கருவி கட்டப்பட்டது.

மனிதர் கணுக்காலில் கருவி என்றால் வேறொரு நினைவும் எழுவதுண்டு. 2023 நவம்பரில் ஜம்மு-காஷ்மீர்க் காவல்துறை, பிணையில் விடுவிக்கப்பட்டவரின் கணுக்காலில் இருப்பிடம் காட்டும் பட்டையைக் கட்டத் தொடங்கியது. இந்தியாவில் இம்முறையைக் கைக்கொண்ட முதல் காவல்துறை அதுவே. காலில் கடிகாரம் கட்டியவரைச் சிலர் ஐயத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலுக்குத் தெரியாதவை

இதுவரை காலின் பெருமையைச் சொன்னோம். ஆனால் திறன்கடிகாரம் அடிகளை மட்டும் எண்ணுவதில்லை. அதன் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்போதெல்லாம் தோலின் அடியிலுள்ள நுண்குழாய்களில் குருதி பெருகுகிறது. திரும்பிவரும் ஒளி குறைகிறது. துடிப்புகளின் இடையே ஒளி கூடுகிறது. இந்தக் கூடுதல் குறைதலை எண்ணியே இதயத்துடிப்பைக் கடிகாரம் சொல்கிறது.

இவ்வேலைக்குக் கணுக்கால் நல்ல இடமன்று. அங்கே எலும்பும் தசைநாண்களும் தோலை ஒட்டியுள்ளன. பட்டை சீராகப் படிவதில்லை. இடைவெளியில் வெளியொளி புகுந்துவிடும். அதற்கும் மேலாக, அடிகளை எண்ண உதவிய அதே பேரசைவு இங்கே இடையூறாகிறது. பாதம் தரையில் மோதும்போதெல்லாம் கடிகாரம் தோலின்மேல் குலுங்கி, நடையின் தாளம் துடிப்பின் தாளத்தோடு கலந்துவிடும். ஒரு கையின் கடிகாரத்தை மறுகை விரலால் தொட்டு இதய மின்னலை எடுக்கும் வசதியும், கீழே விழுந்ததை அறிந்து உறவினர்க்குச் செய்தி அனுப்பும் வசதியும் மணிக்கட்டுக்கென்றே வகுக்கப்பட்டவை. காலில் அவற்றை நம்பக் கூடாது.

துடிப்பை அறிவதற்காகவே கடிகாரத்தைக் காலுக்கு மாற்றுவோரும் சிலர் உளர். பச்சை குத்தியவர்கள் அவர்கள். பச்சையின் கருமை ஒளியை விழுங்கிவிடுவதால் மணிக்கட்டில் கடிகாரம் தடுமாறுகிறது. இந்தப் பகுதியில் நம் பாட்டிமார் பலரின் முன்கையில் கோலமும் புள்ளியுமாகப் பச்சை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இன்றைய இளைஞர் டாட்டூ என்னும் பெயரில் அதையே திரும்பக் கொண்டுவந்துள்ளனர். அவர்களுக்கு மற்றொரு கையோ முன்கையின் மேற்பகுதியோ கணுக்காலைவிடப் பொருத்தமாக இருக்கும்.

மீண்டும் மலைக்கு வருவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறுபவர் அறுநூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைத் தம் காலால் வெல்கிறார். அங்கே எத்தனை அடி என்பதைவிட, இதயம் எவ்வளவு விரைவாகத் துடிக்கிறது என்பதே உயிருக்கு நெருக்கமான செய்தி. இதயநோயும் ஆஸ்துமாவும் உள்ளோர் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவுறுத்துகிறது. அத்தகையோர் கடிகாரத்தை நம்பி ஏறுவது முறையன்று. நலமுடையோரும் படியேறும்போது கடிகாரத்தைக் கையிலேயே கட்டுவது நல்லது. நாற்பது படிக்கு ஒருமுறை அதைக் குனியாமல் பார்க்கவும் முடியும்! உயரத்தை அறிவதற்குக் கை, கால் வேறுபாடு இல்லை. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. எட்டு ஒன்பது மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல். சில கடிகாரங்களில் உள்ள காற்றழுத்தமானி அதை உணர்ந்து மாடிக்கணக்காகச் சொல்கிறது. காற்று கைக்கும் காலுக்கும் ஒன்றே.

கணுக்கால் அடிகளையும் எப்போதும் சரியாகச் சொல்லிவிடும் என்பதில்லை. திருமலையை நெருங்கும்போது மோகாள்ள மெட்டு என்னும் செங்குத்தான பகுதி வருகிறது. மோகாலு என்பது முழங்கால். அங்கே அடியார் பலர் முழங்காலால் ஏறுவர். அப்போது பாதம் வீசப்படுவதும் இல்லை. ஊன்றி நிற்பதும் இல்லை. படியில் இழுபட்டு வருகிறது. கணுக்காலில் கட்டிய கருவி அங்கே குழம்பிவிடும். கல்லில் உரசி அதன் முகமும் கீறப்படும்.

நீரிழிவு நோயாளர் செய்தி தனியே சொல்லத்தக்கது. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றிவிடுவதுண்டு. பட்டை இறுகி உராய்ந்து புண்ணானாலும் அவர்க்குத் தெரியாது. காலில் குருதியோட்டம் குறைந்திருந்தால் அப்புண் எளிதில் ஆறாது. மாலையில் கால் வீங்கும் இயல்புடையோர்க்குக் காலையில் தளர்வாகக் கட்டிய பட்டையும் இருட்டுவதற்குள் இறுகிவிடும். நாள்தோறும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இவர்களைத்தான். அடிகளை எண்ண விரும்புவோரும் இவர்களே. இவர்கள் மருத்துவரைக் கேளாமல் கணுக்காலில் எதையும் கட்டக் கூடாது. வாக்கர் பிடித்து நடக்கும் அந்தத் தாய்க்கும் நீரிழிவு இருக்குமானால், பட்டையை மாற்றுவதைவிட, அவர் கூடத்தை எத்தனை முறை சுற்றினார் என்று உடனிருப்போர் சுவரில் கோடிட்டு வைப்பதே ஏற்றது.

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவரிடம் திறன்கடிகாரம் இருந்தால் அவர் இசைவோடு இதைச் செய்யுங்கள். இல்லையெனில், அடிகளை எண்ணும் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தும் கையில் பிடித்தும் செய்யலாம். ஒருவர் நடக்க, மற்றொருவர் உடன்சென்று எண்ணவேண்டும். எண்ணுபவர் கையில் பத்துப் புளியங்கொட்டைகள் இருக்கட்டும். நயின்சிங் மணி தள்ளியதுபோல, இருபது அடிக்கு ஒரு கொட்டையை ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றுக. கொட்டைகள் தீர்ந்தால் 200 அடிகள்.

முதல்முறை கையை இயல்பாக வீசி நடக்கவும். இரண்டாம்முறை நோட்டுப்புத்தகக் கட்டு ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்து நடக்கவும். மூன்றாம்முறை கடிகாரத்தைக் கணுக்காலின் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் நுழையும் தளர்வோடு கட்டி, புத்தகக் கட்டுடனேயே நடக்கவும். இறுதியாகக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் தாளம் தட்டவும். நான்கு எண்களையும் எழுதிக்கொள்க. எந்த எண் உண்மைக்கு அருகில் இருந்தது, எது மிக விலகியது, ஏன் என்பதைப் பத்து வரிகளில் எழுதி வருக. உங்கள் வீட்டில் கைகளில் சுமையோடு மிகுதியாக நடப்பவர் யாரோ, அவரையும் ஒருநாள் இரண்டாம்முறையிலும் மூன்றாம்முறையிலும் நடக்கச் செய்து, அந்த இரண்டு எண்களையும் அவரிடமே காட்டுக. அவர் என்ன சொன்னார் என்பதை அவர் பேசியபடியே எழுதுக.